பதில் எந்த மொழியில்?

எழுபதுகளின் நடுவில், யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தால், அம்மா அதை உடைப்பதற்கு முன்னமே பாண் வாங்கக் காசு எடுத்து வைப்பார். கடிதம் சிங்களத்தில் இருக்கும். அதை வாசிக்கத் தெரிந்தவர் எங்கள் சந்தியில் பேக்கரி வைத்திருந்த முதலாளி ஒருவர்தான். மாத்தறைப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு எங்களாகத் தமிழ் பேசியவர். சும்மா போய் வாசிக்கக் கேட்பது அழகில்லை என்று அம்மா ஒரு இறாத்தல் பாணும் வாங்குவார்.

அப்பா அரசாங்க எழுதுவினைஞராக இருந்து காலமானவர். விதவைப் பென்சன் தொடர்பாக வந்த கடிதம் ஒன்றை முதலாளி போறணை வெளிச்சத்தில் இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, இது கந்தோர்ச் சிங்களம். எனக்கே பாதிதான் விளங்குது. ஏதோ சான்றிதழ் கேட்கினம்." பேச்சுச் சிங்களமும் எழுத்துச் சிங்களமும் வெகுதூரம் விலகியவை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அம்மா விவாகச் சான்றிதழை அனுப்பினார். அவர்கள் கேட்டது அப்பாவின் பிறப்புச் சான்றிதழ். அந்த ஒரு சொல்லில் மூன்று மாதப் பென்சன் தள்ளிப்போனது.

அந்தக் கடிதத்தை யாராவது மொழிபெயர்த்தே ஆகவேண்டியிருந்தது. எழுதிய கந்தோர் அதைச் செய்யவில்லை. பாண் சுடுபவர் செய்தார். பல மொழிகள் பேசும் நாட்டுக்கு ஆட்சிமொழி என்று ஒன்று வேண்டுமா என்ற கேள்விக்குள் இருப்பது இந்தச் சுமைதான். மொழிபெயர்க்கும் வேலை எங்கும் மறைந்துபோவதில்லை. அதை அரசு சுமப்பதா, குடிமகன் சுமப்பதா என்பதை மட்டுமே சட்டம் தீர்மானிக்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஆட்சிமொழி என்பதை இலங்கையில் அரசகரும மொழி என்கிறோம். சட்டத்தின் மூலப் பிரதி எந்த மொழியில் இருக்கும், கோப்பு எதில் எழுதப்படும், நீதிமன்றப் பதிவேடு எதில், படிவம் எதில், கேட்டவருக்குப் பதில் எதில் என்பவற்றை அது தீர்மானிக்கும். தேசிய மொழி வேறு. அது நாடு தன் அடையாளமாக முன்வைப்பது. சிங்கப்பூரில் தேசிய மொழி மலாய், தேசிய கீதமும் மலாயில்தான். அரசகரும மொழிகளோ மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு. இந்தியாவில் தேசிய மொழி என்று அரசியலமைப்பு எதையும் குறிப்பிடவில்லை. தேவநாகரியில் எழுதும் இந்தி ஒன்றிய அரசின் அலுவல் மொழி என்று மட்டுமே 343ஆம் பிரிவு சொல்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது. மதிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டால் கருமபீடத்தில் நிற்பவர் மறக்கப்படுகிறார்.

ஆட்சிமொழியே வேண்டாம், எல்லா மொழிகளும் சமம் என்று விட்டுவிட்டால் என்ன? நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்வி இது. ஆனால் நடைமுறையில் அது முடியாது. ஓர் அரசு எந்த மதத்தையும் சாராமல் இருக்கலாம். எந்த மொழியையும் சாராமல் இருக்க வழியில்லை. வரி கட்டச் சொல்லும் அறிவித்தலை ஏதோ ஒரு மொழியில் அச்சடித்துத்தான் ஆகவேண்டும். அமெரிக்காவில் 2025 மார்ச்சில் ஜனாதிபதி ஆணை ஒன்று ஆங்கிலத்தை அறிவிக்கும்வரை நாடு முழுவதற்குமான ஆட்சிமொழி எதுவும் இருக்கவில்லை. அதனால் ஆங்கிலம் ஆளாமலா இருந்தது? சட்டம் பேசாத இடத்தில் பலமுள்ள மொழி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கே ஸ்பானிய மொழி பேசுபவருக்கு வாக்குச்சீட்டு அவர் மொழியில் கிடைக்கத் தொடங்கியது அந்த மௌனத்தால் அல்ல. வாக்குரிமைச் சட்டத்தை 1975இல் திருத்தி, குறிப்பிட்ட அளவு பிறமொழியாளர் வாழும் இடங்களில் கட்டாயம் என்று எழுதியதால்தான் கிடைத்தது. ஆகவே மொழியைச் சட்டத்தில் எழுதத்தான் வேண்டும். எப்படி எழுதுவது என்பதில்தான் நாடுகள் பிழைத்தும் கெட்டும் இருக்கின்றன.

இலங்கையில் ஆங்கிலத்தை அகற்றக் கேட்டவர்களின் கோரிக்கை நியாயமானது. தன் வழக்கு தன் முன்னாலேயே தனக்குப் புரியாத மொழியில் நடப்பதை ஒரு விவசாயி பார்த்துக்கொண்டு நின்ற நாடு அது. ஆங்கிலம் படித்த சிறு கூட்டமே கந்தோர்களை நிரப்பியிருந்தது. 1944இல் அரசாங்க சபையில் ஜே.ஆர். ஜயவர்தன சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தார். திருகோணமலை-மட்டக்களப்பு உறுப்பினர் வி. நல்லையா தமிழையும் சேர்க்கத் திருத்தம் கொடுத்தார். திருத்தம் ஏற்கப்பட்டு, சிங்களமும் தமிழும் என்று தீர்மானம் நிறைவேறியது. சுதந்திரத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே சரியான விடை கையில் இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும்.

பன்னிரண்டு ஆண்டுகளில் அது கைநழுவியது. சிங்களம் மட்டும் என்ற வாக்குறுதியோடு 1956 ஏப்ரலில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தார். ஜூன் 5ஆம் திகதி, தமிழரசுக் கட்சியினர் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்து அடி வாங்கினார்கள். அதே மாதத்தில் பிரதிநிதிகள் சபையில் 56க்கு 29 என்று சட்டமூலம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்களில் தமிழ் உறுப்பினர்களோடு சிங்கள இடதுசாரிகளும் இருந்தார்கள். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் மிகச் சிறியது, மூன்றே பிரிவுகள். சிங்களமே ஒரே அரசகரும மொழி. உடனே மாற முடியாத இடங்களில் 1960 முடியும்வரை பழைய வழக்கம் தொடரலாம். அவ்வளவுதான். சிங்களம் தெரியாத குடிமகன் அரசோடு எப்படிப் பேசுவது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. இந்தச் சட்டத்தின் பெரிய குறை என்று நான் கருதுவது அந்த இல்லாத வரியைத்தான்.

அந்த இல்லாத வரி ஒரு மனிதரின் சம்பளத்தில் எப்படி வந்து விழுந்தது என்பதற்குக் கோடீஸ்வரன் வழக்கு இருக்கிறது. செ. கோடீஸ்வரன் அரசாங்க எழுதுவினைஞர் சேவையில் இருந்தவர். 1962இல் அவருக்குரிய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் அவர் சித்தி பெற்றிருக்கவில்லை என்பதே காரணம். அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார். ஒரு சமூகத்தவர்மேல் மற்றச் சமூகத்தவருக்கு இல்லாத சுமையை ஏற்றும் சட்டம் செல்லாது என்று அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொன்னது. 1964இல் நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளம் கேட்டு முடிக்குரிய அரசின்மீது வழக்குத் தொடுக்கவே முடியாது என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்குள் போகவே இல்லை. (தமிழ்நாட்டு வாசகருக்கு: இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் தலைமை நீதிமன்றம்.) 1969இல், அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில், வழக்குத் தொடுக்க முடியும் என்று தீர்ப்பளித்து, மொழிக் கேள்வியை இங்கேயே திருப்பி அனுப்பியது. பிறகு பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடே ஒழிந்தது. 1972இல் 29ஆம் பிரிவு இல்லாத புதிய அரசியலமைப்பு வந்தது. சிங்களம் மட்டும் என்பது அதற்குள்ளேயே ஏறிக்கொண்டது. ஒரு எழுதுவினைஞர் கேட்ட கேள்விக்கு இறுதி விடை எந்த நீதிமன்றத்திலிருந்தும் வரவில்லை.

இதற்கிடையே ஒட்டுப்போடும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1957இல் பண்டாரநாயக்கவுக்கும் தமிழரசுக் கட்சிக்கும் இடையே பண்டா-செல்வா ஒப்பந்தம் வந்தது, அடுத்த ஆண்டே கிழிந்தது. 1958இல் தமிழுக்கு "நியாயமான" இடம் தரும் சட்டம் ஒன்று நிறைவேறியது. அதைச் செயற்படுத்தும் ஒழுங்குவிதிகள் வர 1966 ஆனது. எட்டு ஆண்டுகள்! நடுவில், 1961இல், வடக்குக் கிழக்கில் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகங்களின் வாசல்களில் மக்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். கச்சேரியைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாக அல்ல. மொழிச் சட்டம் சனத்தின் வாழ்க்கைக்குள் நுழைந்த வாசல் அதுதான்.

இன்றைய அரசியலமைப்புக்கு 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையை இன்று எடுத்து வாசித்தால், அரசகரும மொழி சிங்களம் என்று முதல் வாக்கியம் முடிகிறது. தமிழும் ஓர் அரசகரும மொழி என்று இரண்டாவது வாக்கியம் தனியே வருகிறது. ஆங்கிலம் இணைப்பு மொழி. சிங்களமும் தமிழும் என்று ஒரே வாக்கியமாக எழுதியிருக்கலாம். அந்த "உம்" பின்னால் வந்து ஒட்டியதன் தழும்பு. ஆனாலும் நான் அந்த உம்மையோடு அதிகம் மல்லுக்கட்டமாட்டேன். ஏனென்றால் 1988இல் பதினாறாம் திருத்தம் திருத்தி எழுதிய 22ஆம் உறுப்புரையில் அதைவிடப் பெறுமதியான ஒன்று இருக்கிறது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழி தமிழ், ஏனையவற்றில் சிங்களம். ஆனால் சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் இடத்தில் ஒருவர் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதினால், எழுதிய அதே மொழியில் பதில் பெற அவருக்கு உரிமை உண்டு. தமிழில் நிர்வாகம் நடக்கும் இடத்தில் சிங்களவருக்கும் இதே உரிமை. வவுனியாவில் குடியிருக்கும் சிங்களத் தாய் ஒருவர் தமிழ்ப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கக்கூடாது என்பதும் இதற்குள் அடங்கும்.

இந்த ஒரு வரியைத்தான் 1956இன் சட்டம் எழுதாமல் விட்டது.

இந்தியாவோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். 1950இல், பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடரும், பிறகு இந்தி என்று அரசியலமைப்பு காலம் குறித்தது. 1963இன் அலுவல் மொழிச் சட்டம், 1965க்குப் பிறகும் ஆங்கிலம் "தொடரலாம்" என்று சொன்னது. "தொடரலாம்" என்றால் தொடராமலும் விடலாமே என்று தமிழ்நாடு கேட்டது. 1965 சனவரியில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், உயிர்கள் போயின, மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். 1967இன் திருத்தம் அந்த "லாம்" என்ற விகுதியைச் சரிசெய்தது: இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் எல்லாம் தீர்மானம் நிறைவேற்றினால் ஒழிய ஆங்கிலம் விலகாது. நாட்டைச் சேர்த்துப் பிடித்த திருத்தம் அது என்றே நினைக்கிறேன்.

ஆனால் சாதாரண ஆளின் கடிதத்துக்கு அங்கே என்ன உத்தரவாதம்? 350ஆம் பிரிவின்படி, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அதிகாரிக்குக் குறை எழுதலாம். பதில் எந்த மொழியில் வரவேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. 1976இன் அலுவல் மொழி விதிகளோ, இந்தியில் வந்த கடிதத்துக்கு இந்தியில்தான் பதில் என்று கட்டாயமாக்குகின்றன. தமிழ்க் கடிதத்துக்கோ ஒடியாக் கடிதத்துக்கோ அப்படி ஒரு விதி இல்லை. (அந்த விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் என்றே தொடங்குகின்றன, 1965இன் சுவடு.) மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் 2020இல் ஒன்றிய அரசுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத, இந்தியில் பதில் வந்தது. வழக்குப் போட்டார். எந்த மொழியில் எழுதப்பட்டதோ அந்த மொழியில் பதில் தரவேண்டும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கே நீதிமன்றப் படி ஏறவேண்டியிருந்தது.

ஆட்சிமொழிகளின் பட்டியலை நீட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பவேண்டாம். தென்னாபிரிக்கா 1996இன் அரசியலமைப்பில் 11 மொழிகளை எழுதியது. 2023இல் சைகை மொழியைப் பன்னிரண்டாவதாகச் சேர்த்தது. அதை நான் மனமாரப் பாராட்டுவேன். ஆனால் அங்கே 2017இல், மேல் நீதிமன்றங்களின் பதிவு மொழி ஆங்கிலம் மட்டும் என்று நீதித்துறைத் தலைமை முடிவு செய்தது. இந்தோனேசியா வேறு வழியில் போனது. அதிகம் பேர் பேசும் யாவக மொழியை விட்டுவிட்டு, துறைமுகங்களில் எல்லோருக்கும் பொதுவாகப் புழங்கிய, சொந்த மொழியாகச் சிலருக்கே இருந்த மலாயிலிருந்து நாட்டுமொழியை எடுத்துக்கொண்டது. பெரும்பான்மையினரும் படித்தே கற்கவேண்டிய மொழி என்பதால் மற்றவர்களுக்குக் கசப்புக் குறைந்தது.

நான் அதிகம் மெச்சுவது பின்லாந்தை. அங்கே சுவீடிய மொழி பேசுபவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். இருந்தும் பின்னியமும் சுவீடியமும் இரண்டும் தேசிய மொழிகள். ஒரு நகரசபைப் பகுதியில் சிறுபான்மை மொழியினர் நூற்றுக்கு எட்டுப் பேராகவோ, அல்லது 3,000 பேராகவோ இருந்தால் அந்தச் சபை இருமொழிச் சபை. பத்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கப்படும். எண்ணிக்கையைச் சட்டத்தில் எழுதிவைத்துவிட்டதால், யாருடைய கருணைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. இலங்கையிலும் 40க்கு மேற்பட்ட பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. மலையகத்தில் பல உண்டு. வித்தியாசம் என்னவென்றால், இங்கே அந்த அறிவிப்பு ஜனாதிபதியின் பணிப்பில் தங்கியிருக்கிறது.

சட்டத்துக்கும் கருமபீடத்துக்கும் இடையில் ஆட்கள் வேண்டும். 2007இல் வந்த பொதுநிர்வாகச் சுற்றறிக்கை, புதிதாகச் சேரும் அரச உத்தியோகத்தர்கள் ஐந்து ஆண்டுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்றது. அது கோடீஸ்வரனிடம் கேட்டதுபோலத் தோன்றலாம், இல்லை. இங்கே சுமை இரு பக்கத்துக்கும் ஒன்றுதான், சேவைக்குள் நுழையும்போதே தெரிந்து ஏற்றுக்கொள்வது. ஆனால் சான்றிதழுக்காகப் படித்த மொழி கருமபீடத்தில் வாய் திறக்க உதவுவதில்லை என்பதை அலுவலகங்களுக்குப் போய்வந்தவர்கள் அறிவார்கள். பெயர்ப்பலகைகளில் சிதைந்து கிடக்கும் தமிழைப் பார்த்துச் சிரிப்பவர்களும் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பலகையில் பிழை விட்ட அதே கைதான் வாக்குமூலத்தையும் எழுதுகிறது.

வாக்குமூலத்தில் பிழை வந்தால் என்ன ஆகும்? 1993இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் பிடிபட்ட ஒருவருக்குத் தமிழ் மட்டுமே பேச வரும். விசாரணை நடத்தியது பொலிஸ், மொழிபெயர்த்ததும் பொலிஸ். குற்ற ஒப்புதல் சிங்களத்தில் தட்டச்சானது. அவர் பெருவிரல் அடையாளம் வைத்தார். அந்தக் காகிதத்தை வைத்தே அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. அங்கே சுயாதீனமான ஒரு உரைபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்க ஆகும் செலவையும் 35 ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செலவு என்ற வாதம் எப்போதும் வரும். இரண்டு மொழியில் அச்சடிக்கக் காசு, மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம், நேரம். உண்மைதான். ஆனால் ஒரு மொழியில் மட்டும் நடத்தினால் அந்தச் செலவு மிச்சமாவதில்லை. கணக்குப் புத்தகத்திலிருந்து நழுவி, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் முந்தானை முடிச்சுக்குப் போகிறது. ஒருநாள் சம்பளத்தை விட்டு, பஸ் ஏறி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கொடுத்து, சிங்களத்தில் பிழையாக ஏறிய பிள்ளையின் பெயரைத் திருத்த மறுபடி பஸ் ஏறுகிறாரே, அது யாருடைய செலவு? ஒரே படிவத்தை ஆயிரம் பேர் ஆயிரம் தரம் தனித்தனியாக மொழிபெயர்ப்பதைவிட, அரசு ஒருதரம் செய்வது மலிவு என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டியதில்லை.

எல்லாக் கோப்பும் எல்லா மொழியிலும் இருக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. உத்தியோகத்தர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ள ஒரு மொழி போதும். மாகாணத்துக்கு மாகாணம் அது மாறலாம். வாசலுக்கு வெளியே போகும் காகிதத்துக்கு மட்டும் வேறு விதி வேண்டும்: அது பெறுபவரின் மொழியில் போகவேண்டும். அப்படிப் போகாதபோது தட்டிக் கேட்க ஓர் இடம் இருக்கவேண்டும்.

இலங்கையில் அந்த இடங்கள் சட்டத்தில் இருக்கின்றன, அதிகம் பேருக்குத் தெரியாமல். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம். மொழியுரிமை மீறல் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைக்குள் வருவதால், அடிப்படை உரிமை மீறலைப் போலவே ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். அதற்கெல்லாம் முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விளங்காத மொழியில் கடிதம் வந்தால், அதன் பிரதியோடு தமிழில் இரண்டு வரி எழுதி, 22ஆம் உறுப்புரையைக் குறிப்பிட்டு, தமிழில் பதில் கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அம்மாவின் காலத்தில் இந்த உறுப்புரை இருக்கவில்லை. அந்தப் பென்சன் கடிதம் இன்றைக்கு வந்திருந்தால், அதைப் பேக்கரிக்குக் கொண்டுபோகாமல், வந்த கந்தோருக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.